நாடு, எல்லை, ஆட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசியல் புவியியலும் ஆட்சிமுறைகளும் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வருடம் எடுத்தாலும் சந்தேகங்கள் அதே இடங்களில்தான் வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன். படிக்கத் தொடங்கும் முன் ஒன்று: ஒரு ஆட்சிமுறையின் பெயரை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். அந்த நாட்டில் யார் யாரைப் பதவியிலிருந்து இறக்க முடியும், யார் யாருடைய எல்லையை மாற்ற முடியும், கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாடு, தேசம், அரசு, அரசாங்கம்: எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான், பாடத்தில் வேறு வேறு. தமிழில் இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் 'நாடு' என்ற சொல்லை நாம் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். இந்தியாவும் நாடு, தமிழ்நாடும் நாடு, கொங்குநாடும் செட்டிநாடும் நாடு. சோழர் காலத்தில் சில ஊர்கள் சேர்ந்த சிறு வட்டாரத்துக்கே நாடு என்று பெயர். அதற்கு மேலே வளநாடு, அதற்கும் மேலே மண்டலம்.

இன்றைய பாடத்தில் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். நிலம், மக்கள், ஆட்சி, இறைமை (வெளியார் யாருக்கும் கட்டுப்படாத முழு அதிகாரம்) எல்லாம் சேர்ந்து நிலைத்து நிற்கும் அமைப்பு அரசு. அதை இப்போதைக்கு நடத்துகிறவர்கள் அரசாங்கம். தேர்தலில் அரசாங்கம் மாறும், அரசு அப்படியே இருக்கும். பழைய அரசாங்கம் வாங்கிய கடனைப் புதிய அரசாங்கம் கட்ட வேண்டியிருப்பது இதனால்தான். தேசம் அல்லது தேசிய இனம் என்பது மொழியாலோ வரலாற்றாலோ பண்பாட்டாலோ தங்களை ஒன்றெனக் கருதும் மக்கள்.

இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். குர்து மக்கள் துருக்கி, இராக், இரான், சிரியா என்று நான்கு நாடுகளில் பரவி வாழ்கிறார்கள். இராக்கில் தன்னாட்சிப் பகுதி ஒன்று இருக்கிறது, தனி நாடு எங்கும் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமான்ஷ் என்று நான்கு மொழிக்காரர்கள் ஒரே அரசுக்குள் இருக்கிறார்கள்.

ஒரு நிலப்பரப்பு எப்போது தனி நாடாகிறது? யார் முடிவு செய்வது?

1933இல் உருகுவேயின் மொண்டேவீடியோ நகரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலம், ஓர் அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன் என்று நான்கு அடையாளங்களை அது சொல்கிறது. தேர்வுக்கு இது போதும்.

நடைமுறையில் இது போதாது. தைவானில் மக்கள், நிலம், தேர்தல், ராணுவம், பணம் எல்லாம் உண்டு. ஆனால் 1971இல் ஐ.நா.வில் சீனாவின் இருக்கை பெய்ஜிங்குக்குப் போனபிறகு தைவானுக்கு அங்கே இடமில்லை. கொசோவோ 2008இல் விடுதலை அறிவித்தது. நூறு நாடுகள்போல ஏற்றன, செர்பியா ஏற்கவில்லை, ஐ.நா. உறுப்பினராகவும் முடியவில்லை. உறுப்பினராக வேண்டுமானால் பாதுகாப்பு அவை பரிந்துரைக்க வேண்டும், அங்கே ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் கையை மறுத்து ஆட்டினாலும் கதை முடிந்தது. தெற்கு சூடானுக்கு அந்தத் தடை வரவில்லை. 2011 ஜூலை 9இல் விடுதலை, 14ஆம் தேதியே 193வது உறுப்பினர்.

ஆக, ஒரு நாடு பிறப்பதில் பாதி உள்ளே நடக்கிறது, மீதிப் பாதி மற்ற நாடுகளின் கையில் இருக்கிறது.

எல்லைக் கோடுகளை யார் வரைந்தார்கள்?

சில எல்லைகளை மலையும் ஆறும் தந்தன. சிலவற்றை அளவுகோல் தந்தது: அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே நெடுந்தூரம் ஓடும் கோடு 49வது அட்சரேகை. ஆற்றை எல்லையாக வைத்தால் ஒரு சிக்கல், ஆறு இடம் மாறும். ரியோ கிராண்டே ஆறு நகர்ந்ததால் அமெரிக்காவும் மெக்சிகோவும் எல் பாசோ பக்கத்தில் ஒரு துண்டு நிலத்துக்காகப் பல பத்தாண்டுகள் வழக்காடி, 1960களில்தான் முடித்தன.

நம் துணைக்கண்டத்தின் கோடு அவசரத்தில் வரைந்தது. சிரில் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8இல் வந்தார், ஏறக்குறைய ஐந்து வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்துக்கொடுத்தார். கோடு வெளியானது ஆகஸ்ட் 17இல், அதாவது விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து. நடுவில் இருந்த நாட்களில் மக்கள் தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று ஊகித்துக் கொடியேற்றினார்கள். முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடி பறந்தது, குல்னாவில் இந்தியக் கொடி. கோடு வந்ததும் இரண்டையும் இறக்க வேண்டியதாயிற்று.

ஒரு நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் துண்டு இருக்க முடியுமா?

முடியும். உலகத்திலேயே சிக்கலான உதாரணம் நம் நாட்டில்தான் இருந்தது. இதை எப்போதும் கொஞ்சம் நேரமெடுத்தே சொல்வேன், ஏனென்றால் எல்லை என்பது ஒரு மனிதரின் அன்றாடத்தை என்ன செய்யும் என்று இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டுவதில்லை.

வங்காளத்தின் வடக்கே கூச் பெஹார் என்று ஒரு சமஸ்தானம். அதன் ராஜாவுக்கும் மொகலாயர் பக்கத்துக்கும் நடந்த சண்டைகளும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த உடன்படிக்கையும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்தன. ராஜாவும் பக்கத்து ஆட்சியாளரும் ஊர்களைப் பந்தயமாக வைத்துச் சதுரங்கம் ஆடினார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள், அது கதைதான். மன்னர் காலத்தில் இதனால் பெரிய தொந்தரவு இல்லை. வரி யாருக்குக் கட்டுவது என்பது மட்டுமே வேறுபட்டது, நடமாட யாரும் சீட்டுக் கேட்கவில்லை. 1947இல் சுற்றியிருந்த ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது, 1949இல் கூச் பெஹார் இந்தியாவோடு சேர்ந்தது. பழைய வரிக்கோடுகள் ஒரே நேரத்தில் பன்னாட்டு எல்லைகளாகிவிட்டன.

வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 துண்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51 துண்டுகள். சிட்மஹால் என்று அவற்றுக்குப் பெயர். தஹாலா காக்ராபாரி என்ற இடம் இன்னும் விசித்திரம். அது ஏறக்குறைய 1.7 ஏக்கர் இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம், அதைச் சுற்றி இந்திய நிலம், அதையும் சுற்றி வங்கதேசம்.

வரைபடத்தில் பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், வாழ்வதற்கு அது கொடுமை. தன் நாட்டு ஆசிரியரும் மருத்துவரும் போலீசும் அங்கே வரவேண்டுமானால் அடுத்த நாட்டைத் தாண்ட வேண்டும், அதனால் வரவில்லை. சுற்றியிருக்கும் நாடு, 'நீ என் குடிமகன் இல்லை' என்றது. மின்கம்பி ஊர் எல்லையோடு நின்றது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வெளியே இருக்கும் ஒருவரின் பெயரைத் தகப்பன் பெயராக எழுதினார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகும் பெண் இன்னொருவர் பெயரைக் கணவர் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

1974இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் துண்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார்கள். நடைமுறைக்கு வர 41 ஆண்டு ஆனது. 2015இல் அரசியல் சட்டத்தின் 100வது திருத்தம் நிறைவேறி, அந்த ஆண்டு ஜூலை 31 நள்ளிரவில் துண்டுகள் கைமாறின. மொத்தம் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். எந்த நாடு வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். ஆயிரத்துக்கும் குறைவானவர்கள் இந்தியப் பக்கம் வந்தார்கள், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பெரும்பாலானோருக்கு வேண்டியிருந்தது வேறு மண் இல்லை, நின்ற மண்ணில் ஒரு அடையாள அட்டை.

இதே மாதிரித் துண்டுகள் பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் நடுவே பார்லே என்ற ஊரில் இன்றும் உண்டு. கோடு வீட்டுக்கு நடுவிலேயே போகும். வாசற்கதவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த நாட்டு வீடு என்று வழக்கம். இரண்டு நாடுகளும் ஒத்துப்போவதால் அங்கே அது சுற்றுலா, ஒத்துப்போகாத இடத்தில் அது சிறை.

புதுச்சேரி ஏன் நான்கு இடத்தில் இருக்கிறது?

பிரெஞ்சுக்காரர்கள் வணிகத்துக்குப் பிடித்த கடற்கரை ஊர்கள் அவை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டின் பக்கத்தில், ஏனாம் ஆந்திரத்துக்குள், மாஹே கேரளத்துக்குள். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். சிட்மஹால் மாதிரியே துண்டுகள்தான், ஆனால் சுற்றியிருப்பதும் அதே நாடு என்பதால் ஒருவருக்கும் கஷ்டமில்லை.

கடலிலும் எல்லை உண்டா? கச்சத்தீவு விவகாரம் என்ன?

உண்டு. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டப்படி கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் ஆள்புலக் கடல். 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் எடுக்கும் உரிமை அந்த நாட்டுக்கு. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இரண்டு கரைகளுக்கு நடுவே அவ்வளவு கடல் இல்லாவிட்டால் பேசி நடுக்கோடு போட வேண்டும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான்.

இந்தியாவும் இலங்கையும் 1974இல் பாக் நீரிணையில் கோடு போட்டன, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. இந்திய மீனவர்களும் அந்தோணியார் கோயில் யாத்திரிகர்களும் தீவுக்குப் போய்வர அந்த ஒப்பந்தம் இடம் கொடுத்தது. 1976இல் அடுத்த உடன்பாட்டோடு வந்த கடிதப் பரிமாற்றம் ஒரு நாட்டுப் படகு மறு நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்றது.

சட்டப் பிரச்சினை எங்கே இருக்கிறது? பெருபாரி என்ற வங்காளப் பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுப்பது பற்றி 1960இல் உச்ச நீதிமன்றம் ஒரு கருத்துச் சொன்னது: இந்திய நிலத்தை இன்னொரு நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். சிட்மஹாலுக்குத் திருத்தம் வந்ததும் அதனால்தான். கச்சத்தீவுக்கு அப்படி ஒன்றும் செய்யவில்லையே என்பது தமிழ்நாட்டின் வாதம். அது உரிமை தீர்மானமாகாத தீவு, எல்லையை வரையறுத்தோமே தவிர நிலத்தைக் கொடுக்கவில்லை, எனவே திருத்தம் தேவையில்லை என்பது மத்திய அரசின் வாதம். இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கடலுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. இங்கே கைதாகும் மீனவரின் வீட்டில் அடுப்பு அணைகிறது. அங்கே இழுவை மடி (விசைப்படகு இழுத்துச் செல்லும் பெரிய வலை) கிழித்த வலைக்குச் சொந்தக்காரரின் வீட்டிலும் அடுப்பு அணைகிறது. ஒரு பக்கத்தை மட்டும் பேசினால் பாடம் முழுதாகாது.

கடலே இல்லாத நாடுகள்?

நேபாளம், பூடான், ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா என்று நிறைய உண்டு. எத்தியோப்பியா 1993இல் எரித்ரியா பிரிந்தபோது கரையை இழந்தது. பொலிவியா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலியோடு நடந்த போரில் இழந்தது. இன்றும் அங்கே கடற்படை இருக்கிறது, டிட்டிகாகா ஏரியில் பயிற்சி செய்கிறது. தன்னைச் சுற்றியுள்ள நாடுகளுக்கும் கடல் இல்லை என்ற நிலையில் உஸ்பெகிஸ்தானும் லிக்டென்ஸ்டைனும் மட்டும் இருக்கின்றன. இது தேர்வில் அடிக்கடி வரும்.

தலைநகரம் ஏன் பெரிய நகரமாக இருப்பதில்லை?

பல காரணம். சிட்னியா மெல்பர்னா என்ற போட்டியில் கான்பெரா பிறந்தது. பிரேசில் உள்நாட்டை வளர்க்க 1960இல் பிரேசிலியாவுக்கு மாறியது. தென்னாப்பிரிக்கா பிரிட்டோரியா, கேப்டவுன், புளூம்ஃபோன்டைன் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டது. இலங்கை நாடாளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டையில் கூடுகிறது.

ஒற்றையாட்சிக்கும் கூட்டாட்சிக்கும் என்ன வித்தியாசம்? இந்தியா எது?

ஒற்றையாட்சியில் மையம்தான் மூலம். மாகாணமோ மாவட்டமோ மையம் கொடுத்ததை வைத்திருக்கும், மையம் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். கூட்டாட்சியில் இரண்டு மட்டத்துக்கும் அதிகாரம் அரசியல் சட்டத்திலிருந்து நேராக வருகிறது.

இந்திய அரசியல் சட்டம் 'கூட்டாட்சி' என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, 'மாநிலங்களின் ஒன்றியம்' என்கிறது. ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் போடலாம், மோதினால் பெரும்பாலும் ஒன்றியச் சட்டமே நிற்கும். கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டின் 42வது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. நீட் தேர்வு பற்றிய சண்டை புரிய வேண்டுமானால் இந்த ஒரு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று பட்டியலிலும் இல்லாத விஷயம் யாருக்கு? இந்தியாவில் ஒன்றியத்துக்கு. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு, அவர்களின் 10வது திருத்தம் அப்படிச் சொல்கிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது நம் அரசியல் சட்டத்தின் பிரிவு 3. ஒரு மாநிலத்தைப் பிரிக்க, சேர்க்க, எல்லையை மாற்ற, பெயரை மாற்ற நாடாளுமன்றத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, ஜூன் 2இல் தெலங்கானா பிறந்தது. 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலமே இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாக ஆனது. அப்போது அங்கே கருத்துச் சொல்லச் சட்டமன்றம்கூட இல்லை, கலைத்திருந்தார்கள். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் கிடைத்ததும் இதே வழியில்தான். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, நாடாளுமன்றம் சட்டம் செய்தது, 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை அதன் சட்டமன்றச் சம்மதம் இல்லாமல் பிரிக்க முடியாது.

அதனால் இந்தியா கூட்டாட்சியா என்று கேட்டால், ஆம், ஆனால் மையத்தின் பக்கம் சாய்ந்த கூட்டாட்சி என்று சொல்வேன். அந்தச் சாய்வு அளவுக்கு மீறியது என்பது என் கருத்து. 1947இன் பிரிவினையைக் கண்ட தலைவர்களுக்கு இருந்த பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்கு எழுதிய விதியை இன்றும் மாநிலங்கள் சுமப்பது நியாயமாகத் தெரியவில்லை.

இலங்கையில் மாகாண சபை இருக்கிறதே, அது கூட்டாட்சி இல்லையா?

இல்லை. 1972 அரசியலமைப்பு இலங்கையை ஒற்றையாட்சி என்று அறிவித்தது, 1978 அரசியலமைப்பும் அதையே சொல்கிறது. 1987இல் இந்திய இலங்கை உடன்படிக்கைக்குப் பிறகு வந்த 13வது திருத்தம் மாகாண சபைகளை உண்டாக்கியது. அதில் காணி (நிலம்), போலீஸ் அதிகாரங்கள் எழுத்தில் உண்டு, நடைமுறையில் முழுதாகக் கைக்கு வரவில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது, அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே நடக்கவில்லை, ஆளுநரே நடத்தினார். மையம் சும்மா இருந்தாலே சபை இல்லாமல் போய்விடும் என்றால், அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மறுபுறம், பிரிட்டனும் சட்டப்படி ஒற்றையாட்சிதான். ஆனால் 1999இல் தொடங்கிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பள்ளியையும் மருத்துவத்தையும் தானே நடத்துகிறது. காகிதத்தில் ஒரே பெயர், வாழ்க்கையில் வெகுதூரம்.

நாடாளுமன்ற ஆட்சி, அதிபர் ஆட்சி: எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

ஆட்சித் தலைவரை யார் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்று கேளுங்கள், போதும்.

இந்தியாவில் மக்களவை அனுப்பலாம். 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஓட்டு, அரசு கவிழ்ந்தது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதில் தொடங்கிய நெருக்கடி அது. அமெரிக்காவில் அதிபரை மக்கள் தேர்வாளர் குழு வழியாக நான்கு ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். காங்கிரசுக்கு, அதாவது அவர்களின் நாடாளுமன்றத்துக்கு, பிடிக்கவில்லை என்பதற்காக அவரை இறக்க முடியாது. குற்றச்சாட்டு வைத்து, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு சேர வேண்டும். முதலாவதில் அரசு சட்டென்று விழும், இரண்டாவதில் அதிபரும் காங்கிரசும் முறைத்துக்கொண்டு பட்ஜெட் நின்றுபோய் அலுவலகங்கள் மூடும். இரண்டுக்கும் விலை உண்டு.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. பிரான்சில் மக்கள் தேர்ந்தெடுத்த அதிபரும் உண்டு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பிரதமரும் உண்டு. 1986இல் இடதுசாரி அதிபர் மித்தெரானுக்கு வலதுசாரி ஷிராக் பிரதமரானார். பிறகு ஷிராக்கே அதிபரானபோது 1997இலிருந்து 2002 வரை இடதுசாரி ஜோஸ்பேன் பிரதமர்.

இலங்கையில் 1978இல் ஜே.ஆர். ஜெயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதி முறையைக் கொண்டுவந்தார். அதிகாரத்தை 2015இன் 19வது திருத்தம் குறைத்தது, 2020இன் 20வது திருத்தம் திரும்பக் கூட்டியது, 2022இன் 21வது திருத்தம் மறுபடி குறைத்தது. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒருவரை நீக்கி இன்னொருவரைப் பிரதமராக்க, ஏழு வாரம் போல நாட்டில் பிரதமர் யார் என்பதே சண்டையானது. உச்ச நீதிமன்றம் தலையிட்டு, டிசம்பர் 16இல் ரணில் விக்ரமசிங்க மீண்டும் பதவியேற்றார். ஒரு பதவிக்கு எவ்வளவு அதிகாரம் என்பது எழுத்து மட்டும் இல்லை, அதைத் தடுக்க நீதிமன்றம் எழுந்து நிற்கிறதா என்பதும் சேர்ந்தது.

மன்னர் இருந்தால் மக்களாட்சி இல்லையா? குடியரசு என்றால் மக்களாட்சியா?

இரண்டும் தனித்தனிக் கேள்வி. குடியரசு என்றால் நாட்டின் தலைமை பரம்பரையாக வராது, அவ்வளவுதான். பிரிட்டன், ஜப்பான், நார்வே நாடுகளில் முடி இருக்கிறது, ஆட்சியைத் தேர்தல் தீர்மானிக்கிறது. வடகொரியாவின் அதிகாரப்பூர்வப் பெயரில் ஜனநாயகம், மக்கள், குடியரசு மூன்றும் இருக்கின்றன, தலைமையோ தாத்தா, அப்பா, மகன் என்று வந்திருக்கிறது.

மலேசியாவில் மன்னரையே தேர்ந்தெடுக்கிறார்கள். 13 மாநிலங்களில் 9க்குப் பரம்பரை ஆட்சியாளர்கள் உண்டு. அந்த ஒன்பது பேரும் கூடி, தங்களில் ஒருவரை ஐந்து ஆண்டுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுப்பார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநிலங்களுக்கு சுல்தான் இல்லை.

மக்கள்தொகையில் ஒரு மாநிலத்தின் பங்கு குறைந்தால் எம்.பி. இடமும் குறையுமா?

குறைந்திருக்கிறது. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடம், 1967இல் 39. ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் இடங்களைத் திரும்பப் பங்கிட வேண்டும் என்பதே மூல விதி. குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்த மாநிலம் இடத்தை இழக்கும் என்பதால் 1976இல் 42வது திருத்தம் 1971 கணக்கிலேயே பங்கீட்டை நிறுத்திவைத்தது. 2001இல் 84வது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டியது.

ஒரு தலைக்கு ஒரு ஓட்டு என்பதும் நியாயம். சொன்னதைச் செய்த மாநிலத்தின் குரலைக் குறைக்காதே என்பதும் நியாயம். அமெரிக்கா இரண்டு அவைகளில் இரண்டையும் வைத்துக்கொண்டது. கீழவையில் மக்கள்தொகைப்படி இடம், செனட்டில் எல்லா மாநிலத்துக்கும் இரண்டு. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு, நான்கு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு. நம் மாநிலங்களவையில் அப்படிச் சமம் இல்லை. உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.

குடவோலை முறை உலகின் முதல் மக்களாட்சியா?

அப்படிச் சொல்லாதீர்கள். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, வியக்கத்தக்க விவரத்தோடு இருக்கின்றன. 30 குடும்புகள் (ஊரின் வார்டுகள்), வயது 35 முதல் 70, கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. கணக்குக் காட்டாதவரை விலக்கும் அந்த விதியைப் படிக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது பிராமணர் ஊரின் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கே இடம், அதிலும் சீட்டு எடுத்துத்தான் தேர்வு. உள்ளதை உள்ளபடி சொன்னாலே அதற்குப் போதிய மதிப்பு இருக்கிறது.

எல்லை மாறாமலே ஒருவர் நாடற்றவர் ஆக முடியுமா?

முடியும், அது நம் மக்களுக்கே நடந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வேலை செய்த தமிழர்கள் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆட்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, இல்லாவிட்டால் பாட்டனும் அவருடைய தகப்பனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) பிறந்தவரிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அவர்களில் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தார்கள். அடுத்து வந்த சட்டத்தில் ஓட்டும் போனது.

1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பாதியாக்கினார்கள். பேசப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. நீலகிரியில் அவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அங்கே கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனால் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம்.

இலங்கையிலேயே தங்கி, எந்தப் பக்கமும் சேராமல் நின்றவர்களுக்கு முழுத் தீர்வு கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்போது 55 வயது.